பெயின்டரின் குறட்டை

மனித முகம் ஆண்டவன் கட்டிய மாளிகை, இடிந்தால் திருப்பிக் கட்டத் தன்னால் மட்டும்தான் முடியும் என்று முக அறுவை டாக்டர் வார்டில் முழங்கினார். முழங்கிவிட்டுத் திரும்பியவர் கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டார்.

ஆனால் வேலையில் கைகாரர். ஏணியிலிருந்து விழுந்த பெயின்டருக்கு மேல்தாடையும் கன்ன எலும்பும் ஏழு துண்டு. தகடும் திருகாணியும் வைத்துச் சேர்த்தார். பிறவியிலேயே கோணலான மூக்கையும் கையோடு நேராக்கினார்.

"இனி இந்த ஜென்மத்துல இவருக்குக் குறட்டை வராதும்மா."

பெயின்டரின் மனைவி கணவனின் மூக்கருகே காதை வைத்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஆள் உயிரோடிருக்கிறார் என்று நம்பி இருபது வருஷமாகத் தூங்குகிறவள் அவள். ஆஸ்பத்திரியில் பொட்டுத் தூக்கமில்லை.

"ஏங்க, இருக்கீங்களா?"

"எங்க போகப்போறேன்? தூங்கவிடு."

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள். நடுவில் இருந்த காலி இடத்தில் குறட்டை கேட்டது. ஏறியது, நின்றது, விசிலோடு இறங்கியது.

"என்னடி இது, லாரி மாதிரி?"

"நீங்கதான். இத்தனை வருஷமா சொன்னா நம்புனீங்களா?"

"நான் முழிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்!"

தலையணையைச் சத்தத்தின் பக்கம் நகர்த்திக்கொண்டு, அதற்குள் அவள் அயர்ந்து தூங்கியிருந்தாள். பெயின்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போர்வையை அவளுக்கு இழுத்துவிட்டு, நடுவிலிருந்ததற்கும் போர்த்தினார்.

இடம் போதாமல் அவர் தரையில் படுத்துக்கொண்டார்.