உங்களுக்கு மட்டும் வேண்டாம்

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குக் கற்பிட்டியில் வகுப்பு நடத்துபவள் சட்டத்தரணி பிரிசில்லா ஒருத்திதான். அவளோடு கோயில் பாடகர் குழுவில் பாடும் டிலக்சன் ஒரு சனிக்கிழமை வகுப்பு வாசலில் வந்து நின்றான்.

"வகுப்புக்கு வந்தா பிரயோசனம் இருக்குமா?"

"மற்றவங்களுக்கு ஓம். உங்களுக்கு இல்லை."

"ஏன், எனக்கு மூளை காணாதா?"

"அப்படி நான் சொல்லயில்லையே."

"அப்ப வகுப்பே தேவையில்லாத கெட்டிக்காரனா?"

"அதுவும் இல்லை. போன முறை பொது அறிவில கோட்டை விட்டீங்கதானே?"

"பிறகென்ன? நான் சிலாபத்துக்குப் போய்ப் படிக்கிறதா?"

"ஓம், நல்ல யோசனை. போங்க."

டிலக்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டு வந்த எல்லாரையும் சேர்த்தீங்க. என்னில மட்டும் என்ன குறை?"

பிரிசில்லா கதவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க சேர்ந்தா நீங்க என்ட மாணவன். சொந்த மாணவனையே கலியாணம் கட்டினா ஊர் என்ன கதைக்கும்?"

டிலக்சன் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தான். அடுத்த நிமிடம் துள்ளி எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், சிலாபம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.