மாதிரிப் படம்

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்க, மீதிப் பாதியில் மடிக்கணினி திறந்திருக்கிறது. அவள் விரல் ‘வெளியிடு’ பொத்தானுக்கு மேலே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்களுக்கென்று ஒரு இணையதளம் அமைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் நண்பர்களும் எழுதிவரும் மென்பொருளின் புதிய பதிப்பு அது. கதவு திறக்கிறது. பல் டாக்டரிடம் போயிருந்த கணவன், மரத்துப்போன கன்னத்தைத் தாங்கியபடி எதிரே வந்து நிற்கிறான். “அந்த டாக்டரோட வெப்சைட்ல நான் இருக்கேன்,” என்கிறான் ஒரு பக்க வாயால். “வாயப் பொளந்து தூங்கிட்டு. அங்க டிவியில அதத்தான் காட்டறாங்க, காத்திட்டிருந்தவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க.” அவளுக்குச் சிரிப்பு முட்டுகிறது. மென்பொருளோடு போகும் மாதிரிப் பக்கத்துக்கு, கைக்குக் கிடைத்ததென்று அவள் வைத்த படம் அது. ‘இதை நீக்கிவிட்டு உங்கள் படத்தைப் போடவும்’ என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதியும் இருக்கிறாள். யார் படிக்கிறார்கள்? “பூட்டுக் கடை, நாய் ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் நீங்கதான்,” என்கிறாள். “இந்தத் தடவை தூக்கிடறேன்.” அவன் உள்ளே போகிறான். பீரோ கிறீச்சிடுகிறது. திரும்பி வரும்போது இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, படிய வாரிய தலை. நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருகிறான். “தூக்க வேணாம். நல்லதா ஒண்ணு வை.” அவள் போனை உயர்த்துகிறாள். அவன் சிரிக்கிறான், முகத்தில் பாதிதான் சிரிக்கிறது, மறுபாதி இன்னும் பல் டாக்டரிடமே இருக்கிறது. “நல்லா வந்திருக்கா?” “ராஜா மாதிரி,” என்று படத்தைச் சேர்த்துவிட்டு, அவள் பொத்தானை அழுத்துகிறாள்.