அடைக்கோழி எழும்வரை

குஞ்சு பொரித்ததும் போளூருக்குப் போய்விடுவது என்று திலகவதி முடிவு செய்திருந்தாள்.

சேதி காதில் விழுந்த அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். பை தயார். அம்மா வீட்டுக்குப் போனும் போட்டாகிவிட்டது. ஆனால் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. புருஷனை விட்டுவிட்டுப் போகலாம். அடைக்கோழியை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது?

இயற்கை முறையில் கோழி வளர்ப்பவர்களுக்கு இது ஒரு தொல்லை. மெஷினில் முட்டை வைத்திருந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். திலகவதிக்கு மெஷின் ஆகாது, ஊசி ஆகாது, மூட்டைத் தீவனம் ஆகாது. கம்பும் கீரையும் கறையானும்தான். கறையான் பிடிக்கச் சாணம் போட்டுக் கவிழ்க்கிற பானையைக்கூட, புருஷனின் தறிமரத்தை அரித்துவிடுமோ என்று பயந்து, வீட்டிலிருந்து எட்ட வைப்பாள். கோழி தும்மினால் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஊட்டுவாள். புருஷன் குமரேசன் தும்மினால் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்வாள். தெருவே சொல்லிச் சிரித்த விஷயம் இது.

பிரச்சினையைக் கொண்டுவந்தவள் பூங்காவனம். குடியிருப்பது பின்தெருவில், ஆனால் எல்லார் வீட்டிலும் இருப்பாள்.

"உன் வூட்டுக்காரரு கமலம் வூட்டுப் பின்வாசல்ல இருந்து வர்றாரும்மா. லுங்கிய மடியில சுருட்டிப் பிடிச்சுகினு, திரும்பித் திரும்பிப் பார்த்துகினு. எனக்கு இன்னாத்துக்கு வம்பு? கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

கமலம் பக்கத்து வீடு. அவள் புருஷனுக்குப் பெங்களூரில் பட்டுநூல் கடையில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவான். திலகவதிக்கும் கமலத்துக்கும் பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. குமரேசனுக்கும் கிடையாது என்றுதான் திலகவதி அதுவரை நினைத்திருந்தாள்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் கோழி அடையைவிட்டு எழுந்துவிடும்.

கோபம் சோற்றில் மட்டும் தெரிந்தது. குழம்பில் உப்பே போடவில்லை. குமரேசனும் ஏனென்று கேட்கவில்லை. உப்பில்லாத குழம்பைப் பேசாமல் ஊற்றித் தின்கிற புருஷன்மேல் சந்தேகம் கூடத்தானே செய்யும்?

இன்று காலை உமிக்கூடைக்குள் கீச்சென்று ஒரு சத்தம்.

திலகவதி கூடையின் முன் குந்தி உட்கார்ந்தாள். பொரிக்காவிட்டால் மானம் போகும். பொரித்துவிட்டாலோ போளூர் போகவேண்டும்.

உள்ளே தறிச்சத்தம் நின்றது. பின்மதிலுக்கு மேலே பூங்காவனத்தின் தலை முளைத்தது. திலகவதி கையில் பை இருக்கிறதா என்று பார்க்க வந்தவள்.

கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டியது.

கழுத்தில் மயிரே இல்லை.

பின்னாலேயே இன்னொன்று. அதற்கும் இல்லை. வெறும் சிவந்த தோல்.

அந்தத் தெருவில் மொட்டைக்கழுத்துச் சேவல் ஒன்றே ஒன்றுதான். கமலத்தினுடையது. பொங்கலுக்கு மறுநாள், தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் கஞ்சி போட்டு நீட்டியிருந்த குமரேசனின் பாவு நூலில் ஏறி, கஞ்சிக்கு ஆசைப்பட்டுக் கொத்திக் கொத்திப் பட்டிழைகளை அறுத்துப்போட்டது அதுதான். சண்டையே அதனால் வந்தது.

திலகவதி அடைக்கு வைத்ததோ, மொபெட்டில் வந்த ஒருவனிடம் அசல் நாட்டு முட்டை என்று வாங்கியவை. அவள் வீட்டில் சேவல் கிடையாது. போன ஆடியிலேயே குழம்பாகிவிட்டது.

அவள் மெல்லத் திரும்பினாள். குமரேசன் பின்வாசற்படியில் நின்றுகொண்டு, மாட்டிக்கொண்டவன்போலக் காதைச் சொறிந்தான்.

ஆரணித் தறிக்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் எச்சில் தொட்டுத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்ப்பான். குமரேசன் கல்யாண மேடையிலேயே திலகவதியின் கூறைப்புடவையைத் தேய்த்துப் பார்த்தவன். முட்டையை மட்டும் விடுவானா?

"சாயம் போச்சு திலகா," என்றான். "அத்தனையும் பண்ணை முட்டை, பொரிக்காது. டீத்தூள் தண்ணியில முக்கிக் குடுத்துட்டுப் பூட்டான். நீ குளிக்கப் போன நேரமா மாத்திட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, கமலம் வூட்டு முட்டைய நீ தொடுவியா?"

தொட்டிருக்க மாட்டாள்.

மதிலுக்கு மேலே பூங்காவனம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எத்தனை வீட்டுக்கு விநியோகம் செய்த சேதி! இனி ஒவ்வொரு வீடாக ஏறிப் போய்த் திரும்ப வாங்கவேண்டும். தலை இறங்கிவிட்டது.

திலகவதிக்குக் கண் தளும்பியது. புருஷன்மேல் வைத்த சந்தேகம் வெட்கமாக மாறியதுகூடப் பெரிதில்லை. அவனுக்கு மத்தியானம் உப்புப் போட்டுச் சமைத்தால் சரியாகிவிடும். கமலத்தை நினைத்தால்தான் தாளவில்லை. நடுத்தெருவில் நின்று அவளை அத்தனை பேச்சு பேசினோம். அவள், பின்வாசலில் வந்து நின்றவன் யாருக்காகக் கேட்கிறான் என்று தெரிந்தே, தன் கோழிகள் இட்டதையெல்லாம் அவன் மடியில் போட்டிருக்கிறாள். ஊர் குமரேசனோடு தன்னைச் சேர்த்துப் பேசியது காதில் விழுந்திருக்கும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தெருவில் முட்டை கொடுக்க ஆள் உண்டு. கொடுத்ததைச் சொல்லாமல் இருக்க ஆள் கிடையாது.

திலகவதி எழுந்து பக்கத்துச் சுவரருகே போனாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டாள்.

"கமலக்கா... உங்க வூட்டுப் பிள்ளைங்க வந்துட்டாங்கக்கா. ஜல்தியா வாங்க, வந்து பாருங்க."