கடைசிப் பெருவிரல்

"பெருவிரலைத்தானே கேக்கிறேன் அக்கா, தலையையா கேக்கிறேன்?"

கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டியபடி, கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் நின்றான் சேகரன். மலாக்கா வக்கீலின் ஆள் என்று சொல்லிக்கொண்டான். நெற்றியில் திருநீறு, குரலில் தேன்.

வேலாயி, புருஷன் மாயாண்டியின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஜாசின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் ஜாடி போன மாதம் ஸ்டோரில் வெடித்தது. பலருக்குக் கையில் கொப்புளம். மாயாண்டிக்கு இரண்டு கண்ணும் போயின.

"தோட்டத்து மேல எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேசு, ஒரே தீர்ப்பு. அத்தோட முடிஞ்சுது. அப்புறம் யாரும் தனியாக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை."

"என்ன கிடைக்கும்?"

"ஆளுக்கு ஒரு வேட்டி, ஒரு டப்பி களிம்பு."

"கண்ணு போனவருக்கும் அதேதானா?"

"நீதின்னா எல்லாருக்கும் சமம் அக்கா."

மாயாண்டி சிரித்தான். "வேட்டி வெள்ளையா இருக்குமா தம்பி? எனக்கு எப்படியும் தெரியாது பாரு."

"சரி, வக்கீலுக்கு?" என்றாள் வேலாயி.

"ஒரு கார். பாவம், நமக்காக அலையணும்ல!"

"கேசே இன்னும் போடலை. தீர்ப்பு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சேகரனின் திருநீறு வியர்வையில் கரைந்தது. "மெதுவாப் பேசுங்கக்கா. தோட்டத்து மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு லா."

"இவரு கண்ணுக்கு நாங்க தனியாவே கேட்டுக்கிறோம். நீ கிளம்பு."

ஏழைகளைக் காக்க வந்தவன் முகம் ஏனோ கறுத்தது.

மறுநாள் பிற்பகல் துரையின் கார் லயத்துக்கே வந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். கேஸ் என்று வாயைத் திறந்தது துரையின் காதுக்குப் போய்விட்டது! வேலாயி வீட்டில் இருந்த துணிகளை மூட்டை கட்டி, மாயாண்டியைக் கைப்பிடித்து வாசலுக்கு வந்தாள்.

துரை காரிலேயே இருந்தார். தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி இறங்கினார். பின்னால், தலையைத் தொங்கப்போட்டபடி சேகரன். பிடிபட்டுவிட்டான், பாவம்!

"நாங்களே போயிடறோங்க ஐயா."

"ஐயையோ, எங்கேம்மா போறது?" பதறினார் கிராணி. "எல்லாரும் கைநாட்டு வச்சாச்சு. உன் புருஷன் ஒருத்தன்தான் பாக்கி."

கூலிக்காரியைப் பார்த்து வாழ்நாளில் முதல்முறையாக அவர் கைகூப்பினார்.

"கொஞ்சம் மனசு வச்சு, அவனையும் எங்க மேல கேஸ் போடச் சொல்லும்மா!"