பட்டியலில் இல்லாத பையன்

கடல் நீச்சல் போட்டிக்கான அணியின் பட்டியலைத் தீவின் ஆண்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாளே, திலீபனின் பெற்றோர் பி.டி. மாஸ்டர் பக்தவத்சலத்தின் அறைக்கு வந்துவிட்டார்கள்.

"க்யா மாஸ்டர், செலக்‌ஷன்ல முதல்ல வந்தவன் பேரு லிஸ்ட்ல இல்ல?" என்றார் அப்பா நாகராஜ்.

"மூச்சு பத்தாது சார். நடுக்கடல்ல திணறுவான்."

"அவனா திணறுவான்? மூத்தவனைச் சுனாமியில கொடுத்துட்டு, அந்த வெறியில வண்டூர் கடல்ல நானே இறக்கிப் பழக்கினவன். நீந்தத் தெரிஞ்சிருந்தா பெரியவனும் இன்னிக்கு இருந்திருப்பான்."

உமா மகேஸ்வரி கணவனை முந்திக்கொண்டாள்.

"இந்தாளுகிட்ட என்னங்க பேச்சு? போன வருசமும் இதே கதையத்தான் சொன்னாரு. பசங்க வாழ்க்கையைக் கெடுக்கிற இவரெல்லாம் ஒரு வாத்தியாரா? மேல எழுதிப் போட்டு மெயின்லேண்டுக்கே தொரத்தலேன்னா என் பேரு உமா மகேஸ்வரி இல்ல."

பக்தவத்சலம் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். போன வருஷம் திலீபன் இல்லாமல் அணி கடைசியாக வந்ததற்கு ஹெட்மாஸ்டரிடமும் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே எழுதுறேன். வா, போலாம்" என்று நாகராஜ் விறுவிறுவென்று வெளியே போனார்.

வெளியே அவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டதும் உமா மகேஸ்வரியின் குரல் தாழ்ந்தது.

"மன்னிச்சிடுங்க சார். நான் திட்டலேன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும். நான் கேட்டுக்கிட்ட மாதிரியே பேரை எடுத்துட்டீங்க. இருக்கிற ஒருத்தனையும் என்னால நடுக்கடலுக்கு அனுப்ப முடியாது."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு வருசம்தான் அவன் இங்க படிப்பான். அதுவரைக்கும் இப்படியே திட்டு வாங்கிக்குங்க சார்."