பரவாயில்லை

"உள்ளே இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!"

அம்மா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடிவரை எட்டிப் பழகிய குரல், கல்லூரி ஆய்வுக்கூடத்தின் நடைபாதையில் இடியாக இறங்கியது. பின்னால் ஓடி வந்த மகள் அம்மாவின் கைப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ வாயை மூடு!"

அலுவலக உதவியாளர் பதறி எழுந்தார். "சார் இருக்காரும்மா. இது உங்க பொண்ணா? ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணாச்சே!"

"என்னத்த கெட்டிக்காரி? ஏதோ பரவாயில்லை, சொன்ன பேச்சு கேப்பா" என்று அம்மாவின் வாய் பழக்கத்தில் சொல்ல, கை கதவைத் தள்ளியது.

பேராசிரியர் நிமிர்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"இவ உங்களுக்கு என்ன சார் துரோகம் பண்ணா? வெளிநாட்ல பிஎச்.டி.க்கு ஏழு இடத்துல விண்ணப்பம் போட்டா. படிப்புச் செலவோட மாசாமாசம் உதவித்தொகையும் அவங்களே தர்ற இடம். இல்லேன்னா எங்களால நினைச்சுப் பாக்க முடியுமா? ஏழும் போச்சு! நேத்துதான் அதுல ஒரு இடத்துல படிக்கிற இவளோட சீனியர், அங்கே விசாரிச்சு, கடிதத்துல இருந்ததை அப்படியே போன்ல சொன்னான். காலை வாரினது உங்க பரிந்துரைக் கடிதமாம்!"

"அம்மா, போதும்மா..."

"என்ன போதும்? 'படிப்பில் பரவாயில்லை. பணிவானவர். கொடுத்த வேலையைச் செய்வார்.' இதான் சார் நீங்க எழுதினது! வீட்டு வேலைக்கா ஆள் அனுப்புறீங்க? உப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ற உங்க மிஷினை, வித்த கம்பெனிக்காரனே கைவிட்டுட்டுப் போனான். இவ ஒத்த ஆளா பிரிச்சுப் போட்டு ஓட வைக்கலையா? இவ மூளைக்கு ஈடா இந்தக் கட்டடத்துல ஒருத்தர் உண்டா?"

மகள் அம்மாவையே பார்த்தாள். அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"எட்டாவதா இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள கடிதம் போகணும். இதையாவது மனசாட்சியோட எழுதுங்க!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"அதை நான் எழுதலம்மா. நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்னு எல்லா மாணவர்கிட்டயும் சொல்றதுதான் இங்கே பழக்கம். மத்தவங்க தங்களைப் பத்தி ஆகா ஓகோன்னு எழுதிட்டு வருவாங்க. இவளும் அப்படித்தான் எழுதியிருப்பான்னு படிச்சுக்கூடப் பாக்காம அனுப்பிட்டேன். என் தப்புதான்."

அம்மாவின் கோபம் அப்படியே மகள் பக்கம் திரும்பியது.

"அடிப்பாவி! உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியா? உன்னைப் பத்தி இப்படி எழுத உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

மகளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் வராத கோபம்தான் வந்தது.

"என்னைப் பத்தி இன்னொருத்தர் பேசுற மாதிரி எழுதணும்னாங்க. வீட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் நீ என்னைப் பத்திச் சொல்றதைத்தாம்மா எழுதினேன்!"