நிதானமாகப் பேசவும்

மாமனார் விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லையில் இருக்கும் கணவன் தணிகைவேலுக்குச் சொல்வதற்காக, வீட்டுக்கென்று ராணுவம் கொடுத்திருந்த போனை எடுத்தாள் அஞ்சுகம்.

கணினியில் செய்த போலிக் குரல்கள் பெருகிப்போன பிறகு, அந்த போன் அவளுடைய வழக்கமான குரலுக்கு மட்டும்தான் இணைப்புக் கொடுக்கும். அழுதால், யாரோ மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அவள் அழுதுகொண்டே முயன்ற மூன்று முறையும் “நிதானமாகப் பேசவும்” என்று சொல்லித் துண்டித்துவிட்டது.

வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது. “கொள்ளி வைக்க அவன் வர்றானா இல்லையான்னு கேட்டுச் சொல்லும்மா,” என்றார் சின்ன மாமனார்.

அஞ்சுகம் முகத்தைக் கழுவிக்கொண்டு, ரேஷன் கடையில் பேசுவதுபோலப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். இந்த முறை இணைப்புக் கிடைத்தது.

“என்னங்க, மாமா காலையில தவறிட்டாரு. நீங்க உடனே கிளம்பி வரணும்.” குரல் துளியும் நடுங்கவில்லை.



“அப்பாவுக்குக் காய்ச்சல்னாலே என் பொண்டாட்டி அழுதுகிட்டுதான் சொல்லுவா,” என்றான் தணிகைவேல். “நீ யாரு?”

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“நிதானமாகப் பேசவும்,” என்று சொல்லித் துண்டித்தது போன்.